இண்டூர்ச் சாலை மேட்டில் ஒரு சுண்ணாம்புக் கோடு

பொங்கல் முடிந்த மறுவாரம் நாங்கள் ஆறு பேர் சேலத்திலிருந்து இண்டூர்ச் சாலைக்குத் தள்ளுவண்டிப் பந்தயத்துக்குப் போய் வந்தோம். அடுத்த வருஷம் போக நினைப்பவர்கள் ஆளாளுக்கு வந்து கேட்கிறார்கள். எத்தனை மைல், என்ன செலவு, எந்தச் சக்கரம், வேகத்துக்கு என்ன வழி என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் நம் ஹாஸ்டல் கையெழுத்துப் பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறேன். ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. போன நாள் முதல் திரும்பிய நாள் வரை பயந்துகொண்டேதான் இருந்தேன்.

பந்தயம் இன்னதென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் ஆள் மல்லாந்து படுக்கிற அளவுக்கு ஒரு பலகைப் பெட்டி. அதற்கு நான்கு சக்கரம். பின்னால் நெஞ்சு உயரத்தில் ஒரு குறுக்குக் கட்டை. என்ஜினும் இல்லை, மாடும் இல்லை, மாணவர்கள்தான் தள்ள வேண்டும். ஐந்து பேர் சாலை நெடுக வெவ்வேறு இடத்தில் நிற்பார்கள். ஒருவன் தள்ளிக்கொண்டு வந்து விட, அடுத்தவன் பிடித்துக்கொண்டு ஓடுவான். உள்ளே படுத்திருக்கும் ஆறாவது ஆள் பாதத்தால் முன் அச்சைத் திருப்பி ஓட்டுவான். அவன் வலது கையருகே பிரேக் என்ற பெயரில் பழைய டயர்த் துண்டு அடித்த ஒரு மரக்கட்டை இருக்கும். அதை இழுத்தால் பின்சக்கரத்தில் உரசும். அந்த ஆறாவது ஆள் நான். வீரத்துக்காக என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. என் எடை தொண்ணூற்றைந்து பவுண்டு. தள்ளுகிறவர்களுக்குச் சுமை குறையும் என்று கேப்டன் கோபால் என்னைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே பஸ் நிற்குமிடத்துக்குப் போய்விட்டோம். பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததிலிருந்து தர்மபுரி பஸ் கரியில்தான் ஓடுகிறது. பின்னால் தொங்கும் கரி உலையைப் பற்றவைத்து, க்ளீனர் விசிறியைச் சுற்றிச் சுற்றி, வாயு கிளம்பவே முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆறரை மணி பஸ் ஏழேகாலுக்குக் கிளம்பியது. தூரம் நாற்பது மைல், டிக்கெட் ஒரு ரூபாய் இரண்டு அணா. கூரையில் கட்டிய வண்டிக்கு ஓர் ஆள் கட்டணம் தனி. சக்கரங்களைக் கழற்றிக் கோணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கூரையில் போட்டால் வழியெல்லாம் பேரிங்கில் புழுதி ஏறிவிடும்.

ஒன்பதேகாலுக்குத் தொப்பூர்க் கணவாயில் பஸ் முக்கி முனகி நின்றுவிட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "எல்லாரும் எறங்கிக்கங்க. பொம்பளைங்க நடந்து வாங்க, ஆம்பளைங்க வந்து தள்ளுங்க" என்றார். பந்தயத்துக்குப் போகிறவர்கள் அல்லவா, நாங்கள் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினோம். அரை பர்லாங் தள்ளியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கையை எடுத்துவிட்டோம், மாதையன் மட்டும் பின்னேணியைப் பிடித்தபடி பஸ்ஸோடு ஓடிக்கொண்டிருந்தான்.

"ஏ தம்பி, கைய வுடுங்க! வண்டிதான் புடிச்சிக்கிச்சே, இன்னும் எதுக்கு அதத் தூக்கிக்கினு ஓடியாறீங்க?" என்று டிரைவர் கத்தினார்.

பஸ்ஸே சிரித்தது. மாதையனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடத்தூர்க்காரன், விவசாயக் குடும்பம், என் அறைத்தோழன். ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டான். கணக்குப் பாடத்தில் என்னைக் கரையேற்றியதும் அந்தப் பிடிதான். எங்கள் அணியில் மூன்றாவதாகத் தள்ளுகிறவன் அவன். அதாவது மேட்டின் உச்சியில் என்னை இறக்கத்துக்குள் தள்ளிவிட வேண்டியவன்.

பதினொன்றேகாலுக்குத் தர்மபுரி. அங்கிருந்து இண்டூர் எட்டு மைல். மாட்டுவண்டி ஒன்றை ஒரு ரூபாய்க்குப் பேசிக்கொண்டோம். இரண்டரை மணி நேரம் ஆகும், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது மைல்கல்லுக்கு அருகில்தான் பந்தயம் நடக்கும் இடம் என்பதால் அங்கே இறங்கிச் சாலையை நடந்து அளந்தோம். முதலில் இருநூற்றிருபது கஜம் ஏற்றம், அதற்கு மூன்று பேர் தள்ள வேண்டும். பிறகு முந்நூற்றைம்பது கஜம் இறக்கம். இதில் யாரும் தள்ள முடியாது, வண்டி தானாக ஓடும். இறக்கத்தின் பாதியில் ஒரு புளியமரம், அதை ஒட்டி இடப்பக்கம் ஒரு திருப்பம், திருப்பத்திலேயே கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு மதகு. அதைத் தாண்டினால் கடைசியாக நூற்றைம்பது கஜம் ஏற்றம், அதற்கு இரண்டு பேர். மதகின் கீழே எட்டிப் பார்த்தேன். பத்தடிப் பள்ளத்தில் பாறை கிடந்தது.

மேட்டின் உச்சியில் ஓர் அம்மாள் வேகவைத்த கடலை விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இதுல படுத்துக்கினா போவீங்க? தலை முன்னாலயா, காலு முன்னாலயா?"

"காலுங்க" என்றேன்.

"பாடையிலயும் அப்படித்தான் சாமீ கொண்டு போவாங்க. பாத்துப் போங்க" என்று சொல்லி ஒரு கை கடலை கூடுதலாகப் போட்டார். அந்தக் கடலை எனக்கு இறங்கவே இல்லை.

அன்று மாலை நான்கு மணிக்கு அங்கேயே பயிற்சி. வேகத்துக்கு என்ன வழி என்று கேட்கிறவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். தொடை பருத்தவனைச் சேர்த்தால் போதும் என்று நாங்களும் ஆரம்பத்தில் நினைத்தோம். கோபால் கடிகாரத்தை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஓட்டத்தில் யாரும் பெரிதாகப் பிந்துவதில்லை. ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்கு வண்டி மாறும் இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் இரண்டு நொடி ஒழுகிப் போகிறது. வண்டி வந்த பிறகு ஓட ஆரம்பித்தால் தாமதம். வாங்குகிறவன் முன்கூட்டியே ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். கொடுக்கிறவன் கடைசியாக ஒரு தள்ளு தள்ளிவிட்டு இடப்பக்கம் விலகிவிட வேண்டும். நடுவில் ஓர் எட்டு தூரம் வண்டியை யாருமே பிடித்திருக்கக் கூடாது. அந்த ஓர் எட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவு வேகம். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவுவதும், விளக்கெண்ணெய் விடுவதும், பிரேக்கைத் தொடாமல் இருப்பதும் அதற்கு அப்புறம்தான்.

உச்சியில் இது இன்னும் முக்கியம், அங்கே வாங்கிக்கொள்ள ஆளில்லை. கோபால் உச்சியில் குறுக்காக ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, "இங்க உசுரக் குடுத்துத் தள்ளு, இங்கயே விட்டுடு" என்று மாதையனிடம் சொன்னான். மெதுவாக ஒரு தடவை இறங்கிப் பார்த்தோம். நான் பிரேக்கை விடவே இல்லை.

இரவு தங்கியது இண்டூரில் மாதையனின் தாய்மாமன் வீட்டில். ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். மற்றவர்கள் மூன்று உருண்டை விழுங்கினார்கள், நான் ஒன்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது மாதையன் கூட வந்தான். அங்கே நான் செய்த காரியத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

"டேய், எனக்குப் பயமா இருக்குடா. கோட்டுல விட்டுடாத. இன்னும் ஒரு பத்தடி புடிச்சுக்கினு வா. நீ புடிச்சிருக்கன்னு தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும். கோபாலுக்குச் சொல்லாத" என்றேன்.

"சரி, புடிக்கிறன். போய்த் தூங்கு" என்றான்.

சனிக்கிழமை காலை குளிர் எலும்பைப் பிடித்தது. தை மாதத்தில் போகிறவர்கள் கம்பளி இல்லாமல் போகாதீர்கள், குளிரில் விளக்கெண்ணெயும் இறுகிப்போகும். ஐந்து அணிகள் வந்திருந்தன. காலை ஒன்பதுக்கு ஓர் ஓட்டம், மாலை மூன்றுக்கு ஓர் ஓட்டம், இரண்டில் எது நல்லதோ அதுதான் கணக்கு. இண்டூரே திரண்டு வந்து சாலையின் இருபுறமும் நின்றது. வத்தல்மலையிலிருந்து சாமை மூட்டையோடு இறங்கி வந்தவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அரூர் மாணவர்கள் முதலில் போனார்கள். அவர்களில் ஒருவனும் பெரிய பயில்வான் இல்லை. ஆனால் வண்டி கை மாறும் இடமே கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்களிடம் ஒரு விநோதமான பழக்கம் பார்த்தேன். உச்சியில் தள்ளுகிறவன் கடைசித் தள்ளு தள்ளியதும் அப்படியே சாலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "நின்னுக்கினு இருந்தா காலு வண்டி பின்னாலயே ஓடிரும்ங்க. அதுக்குத்தான் ஒக்காந்துக்கறது" என்றான். நாங்கள் சிரித்தோம். அவர்களுடைய நேரம் ஒரு நிமிஷம் நாற்பத்தொன்பது நொடி.

எங்கள் முறை மூன்றாவது. ஏற்றம் வரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது. வானத்தையும் என் கால் கட்டைவிரலையும் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் மாதையனின் மூச்சு மட்டும் கேட்டது. கோட்டைத் தாண்டினோம். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், விடவில்லை. ஆனால் பத்தடி என்று நான் கிணற்றடியில் சொன்னபோது இறக்கத்தின் பத்தடி எவ்வளவு வேகம் என்று இருவருமே யோசிக்கவில்லை. அவன் கால் வண்டிக்கு ஈடு கொடுக்க முடியாமல் போனது. கட்டையைப் பிடித்தபடியே விழுந்தான், விழுந்த பிறகும் விடவில்லை. வண்டி அவனை இழுத்துக்கொண்டு இடப்பக்கம் கோணியது. பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது மனிதன் கத்துகிற சத்தம் மாதிரியே இல்லை. நான் இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். புளியமரத்துக்கு முப்பதடி முன்னால் வண்டி நின்றது.

வழியிலேயே பிடி நழுவி மாதையன் சாலையில் கிடந்தான், ஓடிப் போய்ப் பார்த்தேன். இடது முழங்கால் கிழிந்து வீங்க ஆரம்பித்திருந்தது. மோவாயில் ரத்தம். வலது உள்ளங்கையில் தோலே இல்லை. கோபால் மூச்சிரைக்க வந்து, "கோட்டுல விடுன்னு எத்தன தடவ சொன்னேன், ஏன்டா விடல?" என்று கத்தினான்.

மாதையன் என்னைப் பார்க்கவே இல்லை. "மறந்துட்டேன்டா" என்றான்.

நானும் வாயைத் திறக்கவில்லை.

மதியம் மாமன் வீட்டில் அவனுக்குக் காயம் கழுவிக் கட்டுப் போட்டேன். பந்தயத்தை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பலாம் என்று கோபால் முடிவுசெய்துவிட்டான். தள்ள ஆளில்லை, உபரி ஆளும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் வெளியே மாமன், "எம் மருமவனுக்கு ஒரு வண்டியத் தள்ளக்கூடத் தெரியலயேன்னு ஊரே பேசுது" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. மாதையன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கோபாலைக் கூப்பிட்டு, "அவன் மறக்கல. விடாதன்னு நான்தான் சொன்னேன்" என்றேன்.

கோபால் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப நீ தள்ளு. அவன் படுத்துக்கட்டும். படுக்கறதுக்கு முழங்கால் வேணாம்" என்றான். பிறகு மாதையனிடம், "பிரேக் புடிக்க முடியுமா?" என்று கேட்டான்.

"முடியும்" என்றான் மாதையன்.

அந்தக் கைக்குக் கட்டுப் போட்டவன் நான். அந்த விரல்கள் பாதிகூட மடங்காது என்று எனக்குத் தெரியும். கோபால் வெளியே போனதும், "என்னடா சொல்ற, உன்னால கட்டைய இழுக்க முடியாதுடா" என்றேன்.

"ஊரு முன்னாடி குப்புற வுழுந்தேன்டா. இப்படியே வூட்டுக்குப் போவ முடியாது. நீ சொன்னத நான் யார்கிட்டயும் சொல்லல. நான் சொல்றத நீயும் சொல்லாத" என்றான்.

நான் சொல்லவில்லை. இது தப்பு. இதைப் படிக்கிற யாரும் இப்படிச் செய்யாதீர்கள். பிரேக் பிடிக்க முடியாதவனை எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்குள் படுக்கவைக்கக் கூடாது. அன்றைக்கு எனக்கு அவன் முகத்தைப் பார்த்து மறுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மூன்று இருபதுக்கு எங்கள் முறை. உச்சிக்கு எழுபது கஜம் கீழே நான் காத்து நின்றேன். வண்டிக்குள் இல்லை என்பதில் ஒரு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. மாதையன் நூற்றிருபத்தெட்டு பவுண்டு. இரண்டாவது ஆள் முகம் சிவக்கத் தள்ளிக்கொண்டு வந்தான். நான் முன்னதாகவே ஓட ஆரம்பித்தேன், கட்டை கைக்கு வந்தது. தள்ளினேன். கல்லைத் தள்ளுவது போல இருந்தது. மாதையனின் உச்சந்தலையும் வயிற்றின்மேல் கிடந்த கட்டுப் போட்ட கையும் எனக்கு நேர் கீழே தெரிந்தன. அவன் தலையைத் திருப்பாமல், "கோட்டுலயே வுட்டுரு. பாவம் பாக்காத" என்றான்.

உள்ளே படுத்திருந்தபோது எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. பின்னால் நிற்கிறவனுக்கு எல்லாமே தெரிகிறது. இறக்கம் தெரிகிறது, புளியமரம் தெரிகிறது, மதகு எங்கே என்று தெரிகிறது. முந்தின நாள் நான் எதைக் கேட்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. விரல் கட்டையோடு ஒட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. இன்னும் இரண்டடி பிடித்துக்கொண்டால் என்ன, கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால் என்ன என்று மனம் கெஞ்சியது. வெள்ளைக் கோடு காலடிக்கு வந்தது. இருந்த பலமெல்லாம் சேர்த்துத் தள்ளினேன், விட்டேன்.

விட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அரூர்க்காரன் சொன்னதை நினைத்து உட்காரவில்லை, கால் நிற்கவில்லை.

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நான் ஓட்டியதைவிட எவ்வளவோ வேகம். எடை கூடினால் ஏற்றத்தில் நஷ்டம், இறக்கத்தில் லாபம் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். ஆனால் அப்போது லாப நஷ்டமா தோன்றியது? வண்டி புளியமரத்துக்குப் பின்னால் மறைந்தது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரேக் உரசுகிற சத்தம் வரவில்லை. வேறு எந்தச் சத்தமும் வரவில்லை. மதகுக்குக் கீழே கிடந்த பாறை கண்முன் வந்தது. அவன் அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்றுகூட நினைத்துவிட்டேன். கடலைக்கார அம்மாள் பக்கத்தில் வந்து நின்று, கைவிளிம்பைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார்.

"அந்தா ஏறுது பாரு சாமீ" என்றார்.

எதிர் ஏற்றத்தில், நான்காவது ஆளின் கையில், எங்கள் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் துணிக்கட்டு மேலே உயர்ந்து ஆடியது. நான் அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். கூட்டத்தில் யாராவது பார்த்திருந்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் நேரம் ஒரு நிமிஷம் ஐம்பத்தொரு நொடி. அரூருக்கு அடுத்து இரண்டாமிடம். மாமன் மருமகனைத் தோளில் சாய்த்து ஊருக்குள் நடத்திக்கொண்டு போனார். சாயங்காலத்துக்கு மேல் சேலத்துக்குப் பஸ் கிடையாது, ஞாயிறு காலை எட்டு மணிக்குத்தான். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். மண்ணெண்ணெய் அங்கே கிடைக்காது, ஒரு புட்டி எடுத்துப் போங்கள். அயோடினும் சுத்தமான துணியும் கட்டாயம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தால்தான் சாலையை நடந்து பார்க்க முடியும். ஆறு பேருக்குப் போகவர எல்லாம் சேர்த்து இருபது ரூபாய் போதும். கூடுதலாக ஓர் ஆளையும் கூட்டிப் போங்கள், எங்களைப் போல ஆளில்லாமல் மாட்டிக்கொள்ளாதீர்கள். மதகில் யாராவது சுவர் கட்டினால் புண்ணியம்.

வேகத்துக்கு என்ன வழி என்ற கேள்விக்கு மேலே எழுதியதுதான் என் பதில். தள்ளுகிறவன் சரியான இடத்தில் விட வேண்டும். அதற்கு, உள்ளே படுத்திருக்கிறவன் அவனை விடச் சொல்ல வேண்டும்.

மாதையனுக்கு முழங்கால் ஆறிவிட்டது. அடுத்த வருஷம் பழையபடி நான் படுப்பது, அவன் உச்சியில் தள்ளுவது என்று முடிவாகியிருக்கிறது. எனக்குப் பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் இந்தத் தடவை கிணற்றடிக்கு நான் தனியாகப் போய்க் கை கழுவிக்கொண்டு வருவேன்.